கடை மாவா, வீட்டு மாவா?

சென்ற மாதம் செயற்குழுக் கூட்டம் முடிந்து காபி வந்த வேளையில், நம் சங்கத்து வாலிபர்கள் இருவருக்குள் ஒரு வாக்குவாதம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் மென்பொருளை ஆயத்தப் பேக்கேஜாக வாங்கிப் போட்டுக்கொள்வதா, அல்லது மூல நிரலை இறக்கி, வேண்டியபடி மாற்றி, நாமே கம்பைல் செய்துகொள்வதா என்பதே வழக்கு. "சார், நீங்களே சொல்லுங்கள்" என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். காரணம், இந்த வழக்கில் நானே ஒரு குற்றவாளி.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மூல நிரல் என்பது ஊறவைத்த அரிசியும் உளுந்தும். கம்பைல் செய்வது அரைப்பது. பேக்கேஜ் என்பது கடையில் விற்கும் மாவுப் பாக்கெட். பாக்கெட் சௌகரியம்தான். ஆனால் உளுந்து எத்தனை பங்கு, வெந்தயம் உண்டா இல்லையா என்பதை வேறு யாரோ தீர்மானித்துவிட்டார்கள். டில்லியின் ஜனவரிக் குளிரில் மாவு பொங்குவதற்கு என்ன பாடு படவேண்டும் என்று நம் வீட்டில் கேட்டால் தெரியும். ஆகவே இடத்துக்குத் தகுந்த கைப்பக்குவம் வேண்டும் என்பது நியாயமான கட்சியே.

இனி என் கதை. 2019-ல் ஓய்வு பெற்ற கையோடு, சங்க நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். தலைப்புகள் தமிழ் அகரவரிசையில்தான் வரவேண்டும் என்பது என் பிடிவாதம். வெறும் யூனிகோட் எண்களின்படி அடுக்கினால் 'கடல்' முன்னும் 'கட்டு' பின்னும் வரும். நம் அகராதி முறையிலோ புள்ளி வைத்த எழுத்துக்கே முதலிடம். இதைச் சரியாகச் செய்ய ஐசியு என்றொரு துணைத் தொகுப்பு உண்டு. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் 11-ஆம் பதிப்பை மூல நிரலாக இறக்கி, ஐசியுவையும் சேர்க்கச் சொல்லிக் கம்பைல் செய்தேன். பட்டியல் அழகாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் என்னென்ன விருப்பங்களைக் கொடுத்தேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதிவைக்கவில்லை.

2023-ல் பேத்தியின் காதுகுத்துக்காகத் திருச்சி போய் அங்கேயே தங்கிவிட்டேன். அந்தச் சமயத்தில் அன்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, கம்ப்யூட்டரில் இருந்த டெபியனைப் புதிய பதிப்புக்கு உயர்த்தினார். பேக்கேஜாக வந்தவை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப் புதுப்பித்துக்கொண்டன. நான் கம்பைல் செய்தது மட்டும் பழைய ஐசியுவைத் தேடிக் காணாமல் எழுந்திருக்க மறுத்துவிட்டது. பெயர் ராசியோ என்னவோ, பட்டியலே ஐசியுவில் படுத்துவிட்டது! ஆறு வாரம் நோட்டில் எழுதித்தான் புத்தகம் கொடுத்தார்கள். சில புத்தகங்கள் திரும்பி வரவே இல்லை. வந்து சரிசெய்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். டெபியனின் ஆயத்தப் பேக்கேஜிலேயே ஐசியு சேர்ந்திருந்தது, 2019-லும் சேர்ந்திருந்தது. அரைக்கும் அவசரத்தில் பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதை நான் படிக்கவில்லை.

இதற்காக, பேக்கேஜ் வேதவாக்கு என்று சொல்லவில்லை. இணையப் பாதுகாப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் டெபியன்காரர்கள் 2006-ல் செய்த ஒரு திருத்தத்தால், அதில் உருவான ரகசியச் சாவிகளை எளிதில் ஊகிக்க முடிந்தது. இந்தத் தவறு 2008 மே மாதம்தான் வெளிவந்தது. மூல நிரலை அப்படியே எடுத்துக் கம்பைல் செய்தவர்களுக்கு இந்தக் குறை இல்லை. 2014 ஏப்ரலில் நேர்ந்தது வேறு விதம். அதே ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மூல நிரலிலேயே 'ஹார்ட்ப்ளீட்' என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பகுதி வேண்டாம் என்று விட்டுக் கம்பைல் செய்திருந்தவர்கள் தப்பினார்கள். பேக்கேஜ் வைத்திருந்தவர்களுக்கு டெபியன் அன்றே திருத்தம் அனுப்பியது. தானே கம்பைல் செய்துவிட்டு மறந்துபோனவருக்குத்தான் திருத்தம் அனுப்ப ஆளில்லை.

ரயில்வேயில் எங்களுக்கு இது பழைய பாடம். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. நிர்ணயிக்கும் டிராயிங் உண்டு. மாற்றம் செய்தால் அது தாளில் ஏற வேண்டும். ஏனென்றால் வண்டி ஒரே ஷெட்டில் நிற்பதில்லை. இங்கே நட்டு மாற்றியவர் ஒருவர், அங்கே ஸ்பேனருடன் நிற்பவர் வேறொருவர்.

நாமும் அப்படித்தானே? இன்று செயலாளராக இருப்பவர் அடுத்த வருடம் குவாஹாட்டிக்கோ கொச்சிக்கோ மாற்றலாகிப் போகலாம். ஆகவே என் தீர்ப்பு இதுதான். நாலு பேர் நம்பியிருக்கும் கம்ப்யூட்டரில் பேக்கேஜையே போடுங்கள். அதில் கிடைக்காதது ஒன்று கட்டாயம் தேவை என்றால் மட்டும் கம்பைல் செய்யுங்கள். அப்போதும் எந்தப் பதிப்பு, எந்த விருப்பங்கள், என்ன காரணம் என்று எழுதிவையுங்கள். புதிய பதிப்பு வரும்போது மறுபடி அரைக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும்.

சொந்தக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் கம்பைல் செய்து பழகுவதைத் தடுக்காதீர்கள். ஒரு தடவையாவது அரைத்துப் பார்த்தவருக்குத்தான் பாக்கெட்டில் இருப்பது என்னவென்று விளங்கும்.

நூலகப் பட்டியல் இப்போது டெபியனின் பேக்கேஜில் ஓடுகிறது. விவரமெல்லாம் ஒரு தாளில் எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வழக்காடிய வாலிபர்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து படித்துப் பார்க்கட்டும். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சேர்த்து எழுதட்டும்.