எட்டாம் நம்பர் மஞ்சள் சட்டை

மேட்டுப்பாளையம் என்றதும் நீலகிரி மலை அடிவாரமும், ஊட்டிக்கு மூச்சு வாங்க ஏறும் குட்டி ரயிலும் உங்கள் ஞாபகத்துக்கு வந்தால், தயவு செய்து திரும்பி வாருங்கள். நான் சொல்லப் போவது புதுச்சேரி மேட்டுப்பாளையம். இங்கே மலை இல்லை. மலை ரயிலும் இல்லை. தொழிற்பேட்டை உண்டு, லாரிகள் உண்டு, அந்த லாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஸ்கூட்டர் ஓட்டும் என் அக்காவும் உண்டு.

2025 நவம்பர் 15-ந் தேதி, சனிக்கிழமை. காலையில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தவள் திகைத்துப் போய் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். தட்டில் இட்லி ஆறிக் கிடக்கிறது. மாமா செல்போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா பையன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறான். வாசலில் எதிர் வீட்டு லாரி டிரைவர், தலையில் கை வைத்தபடி!

"என்ன அக்கா, யாருக்கு என்ன?" என்றேன் பதறிப்போய்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஜடேஜாவைக் கொடுத்துட்டாங்களாம்" என்றாள் அக்கா, சட்னிக் கிண்ணத்தை வைத்தபடி.

கிரிக்கெட் பார்க்காத சகோதரிகளுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரவீந்திர ஜடேஜா குஜராத்தி. இடது கையால் சுழல் பந்து வீசுவார், மட்டையும் பிடிப்பார், பந்தைத் துரத்திப் பிடிப்பதில் சூரர். 2012-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை ஏலத்தில் இருபது லட்சம் டாலருக்கு எடுத்தது. சென்னை அணி தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 இரண்டு வருஷம் போக, மற்ற வருஷமெல்லாம் மஞ்சள் சட்டைதான். 2018, 2021, 2023 மூன்று வருஷங்களிலும் கோப்பை வந்தபோது கூடவே இருந்தார். அப்பேர்ப்பட்டவரை ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அங்கே தலைவராக இருந்த சஞ்சு சாம்ஸனை வாங்கிக்கொண்டார்கள். சாம்ஸனுக்குப் 18 கோடி ரூபாய். ஜடேஜாவுக்கு அதுவரை 18 கோடியாக இருந்த சம்பளம் 14 கோடி ஆயிற்று. அவரோடு சாம் கர்ரன் என்ற இங்கிலாந்துக்காரரையும் சேர்த்து அனுப்பினார்கள்.

"வெண்டைக்காய் வாங்கினா கறிவேப்பிலை கொசுறு மாதிரி!" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை.

மாமா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சூபர்வைசர். கணக்குப் பார்க்கிறவர். "வர்ற டிசம்பர்ல ஆளுக்கு 37 வயசு. போன சீஸன்ல பத்து டீம்ல பத்தாவதா வந்தோம். சாம்ஸனுக்கு 31 வயசுதான். டீம் நடத்துறவன் இதெல்லாம் யோசிக்க மாட்டானா?" என்றார். சொன்னாரே தவிர, குரலில் தெம்பில்லை.

லாரி டிரைவருக்கு வந்ததே கோபம்! "என்ன சார், வயசு வயசுன்னு? அகமதாபாத் பைனலை மறந்துட்டீங்களா?" என்றார்.

மறப்பதாவது! 2023 மே மாதம். மழையினால் ஒரு நாள் தள்ளிப்போய், மறு நாளும் மழை வந்து, நடுராத்திரிக்கு மேல் நடந்த ஆட்டம். கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் வேண்டும். ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி, முடிந்தது. தோனி ஜடேஜாவை இடுப்பில் தூக்கிக்கொண்டார். அந்தப் படம் இந்த டிரைவரின் லாரிக் கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைக் கிழிப்பதா வைத்திருப்பதா என்பதுதான் அன்றைக்கு அவருடைய கவலை.

இத்தனை நேரம் பேசாமல் இருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன். அதே 2023-ல, சேப்பாக்கத்துல ஜடேஜா ஆடிக்கிட்டிருந்தா, 'அவுட் ஆகு, அவுட் ஆகு, தோனி வரட்டும்'னு கத்தினது யாரு? டி.வி. முன்னாடி உக்காந்துக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் கத்தினீங்களா இல்லையா?"

மாமா செல்போனுக்குள் புகுந்துகொண்டார். டிரைவர் வானத்தைப் பார்த்தார்.

அக்கா சொன்னது பொய்யில்லை. தாம் முன்னால் இறங்கினால், எப்போது ஆட்டமிழப்பார் என்று ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்று ஜடேஜாவே அந்த வருஷம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் கேட்ட நமக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. 2022-ல் அவரை அணித் தலைவராக்கினார்கள். எட்டு ஆட்டத்தில் இரண்டே வெற்றி. பொறுப்பைத் திரும்ப தோனியிடமே கொடுத்துவிட்டார். அப்போதும் நாம் அவரைத் திட்டித்தான் தீர்த்தோம். இன்று, 'எங்கள் பிள்ளையை எப்படிக் கொடுக்கலாம்?' என்று கேட்பவர்களும் நாம்தான்!

"சித்தி, அவரைக் கேட்காமலே அனுப்பிட்டாங்களா?" என்று சுவரைப் பார்த்திருந்த பையன் திரும்பிக் கேட்டான்.

நல்ல கேள்வி. இந்த மாற்று வியாபாரம் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் வெகு காலமாக நடப்பது. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வந்து பந்து வீசி வெற்றியைக் காப்பாற்றிக் கொடுக்கும் அனுபவசாலிகூட, ஒரு நாள் காலையில் எழுந்தால் வேறு ஊர் அணியின் ஆளாகியிருப்பார். அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். 1969-ல் கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரரை, பன்னிரண்டு வருஷம் ஆடிய செயின்ட் லூயிஸ் அணி, ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டது. "வாங்கி விற்பதற்கு நான் என்ன பண்டமா?" என்ற தோரணையில் அவர் மறுத்து, கோர்ட்டுக்குப் போனார். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார். ஆனால் அவர் மூட்டிய நெருப்பு அணையவில்லை. அடுத்த வருஷமே ஒரு விதி வந்தது: பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவரை, அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது.

நம் ஐ.பி.எல்.லிலும் ஆட்டக்காரர் சம்மதித்தால்தான் மாற்றம் செல்லும். ஜடேஜாவுடன் கலந்து பேசித்தான் முடிவு செய்தோம் என்று சென்னை அணித் தரப்பிலும் சொன்னார்கள். போகிற இடமும் அவருக்குப் புதிதல்ல. 2008-ல், பத்தொன்பது வயதுப் பையனாக, ஷேன் வார்னின் கீழ் அவர் முதல் கோப்பையைப் பார்த்ததே ராஜஸ்தானில்தான். இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். வேறு அணியோடு தாமாகப் பேச்சு நடத்தினார் என்று 2010-ல் அவரை ஒரு வருஷம் ஆடவிடாமல் தடுத்தார்கள். அணிகள் பேசிக்கொண்டால் வியாபாரம். ஆட்டக்காரன் பேசினால் குற்றம்!

இதையெல்லாம் பையனுக்குச் சொல்லி, "அவரைக் கேட்டுத்தான் அனுப்பியிருக்காங்க. நீ சாப்பிடு" என்று முடித்தேன்.

"அவரைக் கேட்டாங்க. என்னை யாரு கேட்டாங்க?" என்றான் பையன். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

மாமா சிரித்துவிட்டார். "உன்னை எதுக்குடா கேக்கணும்? நீ என்ன டீம் முதலாளியா?"

"சிரிக்காதப்பா" என்று ஒரு குரல் கேட்டது.

மூலையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் மாமியார். எழுபத்து மூன்று வயது. கிரிக்கெட்டில் எத்தனை பந்துக்கு ஓர் ஓவர் என்றுகூட அவருக்குத் தெரியாது. கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"1962-ல எனக்குப் பத்து வயசு. முத்தியால்பேட்டையில இருந்தோம். அப்பத்தான் பிரெஞ்சுக்காரன் ஊரைச் சட்டப்படி எழுதிக் கொடுத்தான். பிரெஞ்சுக் குடியா இருக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். இல்லாட்டி இந்தியாக் குடின்னாங்க. எங்கப்பா எழுதல. எங்கண்ணனுக்கு இருபத்திரண்டு வயசு. எழுதிட்டாரு. சொல்தாவா பட்டாளத்துல சேர்ந்து போயிட்டாரு."

கொஞ்ச நேரம் கீரையை மட்டும் ஆய்ந்தார்.

"அவரு போனதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துலதான் எனக்குக் கல்யாணம் நடந்தது. ஆனா எங்கப்பாவைக் கேட்டாங்க, எங்கண்ணனைக் கேட்டாங்க. எனக்கு இருந்தது ஒரே அண்ணன். என்னை யாரும் கேக்கல. கேக்க வேணாம், சொல்லவாவது சொல்லலாம்ல? ஒரு நாள் பள்ளிக்கூடத்துலேருந்து வந்தேன், ஆணியில அவரு சட்டை இல்ல. அவ்வளவுதான்."

வீடு நிசப்தமாகிவிட்டது. தெருவில் ஏதோ ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் மட்டும் கேட்டது.

வாசகிகளே, அந்தக் கீரைக் காம்பு நுனியில் பையனுடைய வழக்கு முழுவதும் இருந்ததாக எனக்குத் தோன்றியது. போவதும் வருவதும் உலகத்து வழக்கம். மாற்றல் உத்தரவு வராத உத்தியோகம் எது? ஜடேஜா சம்மதித்தார், சம்பளமும் வாங்குகிறார்; அவருக்காக நாம் அழ வேண்டியதில்லை. ஆனால் அபிமானம் என்று ஒன்றை வைத்துவிட்டு நிற்கிறவர்களுக்குக் கையெழுத்துப் போட இடமே கிடையாது. அவர்கள் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. வழியனுப்ப ஒரு சந்தர்ப்பம்.

அது கிடைத்ததா? 2025-ல் சேப்பாக்கத்தில் சென்னையின் கடைசி ஆட்டம் ஏப்ரல் 30-ந் தேதி நடந்தது. எதிரே பஞ்சாப். அன்று மஞ்சள் சட்டையோடு மைதானத்தை விட்டுப் போனவரை யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் வருவார் என்றுதான் இருந்தார்கள். மே 25-ந் தேதி, அந்தச் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்த அதே அகமதாபாத்தில், மஞ்சள் சட்டையில் கடைசியாக ஆடினார். கைதட்டல் இருந்தது, ஆனால் அது விடைகொடுக்கும் கைதட்டல் இல்லை. அன்று காலை ஜெய்ப்பூரிலும் ஏதோ ஒரு வீட்டில், சாம்ஸனுக்காக ஒரு பையன் இட்லிக்குப் பதில் ரொட்டியை ஆறவிட்டிருப்பான், சந்தேகமில்லை.

நம் பங்குக்கும் ஒரு குறை இருக்கிறது. இருக்கிறவரை, "நீ போ, அடுத்தவர் வரட்டும்" என்று கத்தினோம். போன பிறகு, போய்விட்டாரே என்கிறோம். ஆட்டக்காரர் விஷயத்தில் மட்டுமா இப்படி? நம் வீட்டு மூலையில் தினம் கீரை ஆய்கிறவர்களிடம் உட்கார்ந்து பேசி எத்தனை நாளாயிற்று? அக்கா அந்த வீட்டுக்கு வந்து பதினைந்து வருஷம். மாமியாருக்கு ஓர் அண்ணன் பிரான்சில் இருந்தார் என்று அவளுக்குத் தெரியும். ஆணியில் சட்டை இல்லாத கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாளாம்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது, பையன் முதுகில் எட்டு என்று எழுதிய மஞ்சள் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான். "தூக்கி எறியப் போறியாடா?" என்றேன்.

"இல்ல சித்தி. அலமாரியில ஆயா புடவைக்கு அடியில வைக்கப் போறேன். ஆயாதான் வைக்கச் சொன்னாங்க."

"ராஜஸ்தான் சட்டை வாங்கித் தரட்டுமா?"

யோசித்தான். "அவரு சென்னைக்கு எதிரா ஆடுறப்ப நான் யாருக்குச் சித்தி கை தட்டறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு மஞ்சள் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தால், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள், பையனுக்குச் சொல்லிவிடுகிறேன்.