விதானத்து மன்மதனும் லயத்துக் காமனும்

கலை என்றவுடன் மாளிகையை நோக்கிக் கைகூப்பும் பழக்கம் நம் படித்தவர்களிடம் இன்னும் ஒழிந்தபாடில்லை. தோட்டத் துரையாக வந்து கொழும்பு வணிகத்தில் உயர்ந்த தோமஸ் வில்லியர்ஸ், அப்புத்தளை மலையில் 1931இல் 'அடிசம்' மாளிகையை எழுப்பினார். இன்று துறவியர் மடமாக விளங்கும் அதன் டியூடர் பாணிக் கற்சுவர்களைக் கண்டு வியப்போர், 10க்கு 12 அடி லயக் காம்பராவில் வாழ்ந்தோரின் கலையைப் பற்றிக் கேட்பதில்லை.

மறுமலர்ச்சிக் காலக் கலையைக் கற்பிக்கும்போதும் இதே மயக்கந்தான். ரோமில், பிற்காலத்தில் ஃபர்னேசினா எனப் பெயர்பெற்ற மாளிகையைக் கட்டியவர் அகோஸ்தினோ கிஜி என்ற வங்கி முதலாளி. அதன் விதானத்தில் ராஃபேலும் அவர் மாணவரும் 1518 அளவில் கியூப்பிட் என்னும் மன்மதனின் காதற்கதையைத் தீட்டினர். தேவர்கள் மணவிருந்து உண்கின்றனர். கனிமாலைகளிடையே அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த மக்காச்சோளமும் தொங்குகிறது.

இந்த விருந்துக்குப் பணம் தந்தது எது? தொல்ஃபாவில் போப்பாண்டவருக்குச் சொந்தமான படிகாரச் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்தவர் கிஜி. கம்பளித் துணியில் சாயம் ஊன்றப் படிகாரம் வேண்டும். பாறையை உடைத்து, சூளையில் சுட்டு, கொப்பரையில் காய்ச்சிய உழைப்பாளிக்கு அந்த விதானத்தில் இடமில்லை.

ராஃபேலின் தூரிகையைப் பழிப்பது நம் நோக்கமன்று. அளவுகோல் ஏன் இரண்டு என்பதே நம் கேள்வி. மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் கம்பம் நட்டு, தப்பு முழங்க, மக்கள் காமன்கூத்து ஆடுகிறார்கள். வங்கி முதலாளியின் மன்மதனைச் செவ்வியல் என்று போற்றுவோர், தொழிலாளியின் மன்மதனை மூடநம்பிக்கை என்று முகஞ்சுளிப்பது எந்த நியாயம்?

உண்மையில் ஆழமான பொருள் எங்கே இருக்கிறது? விதானத்து மன்மதன் விருந்தில் அமர்கிறான். கூத்தின் காமனோ, தேவர்களின் ஏவலுக்குப் பணிந்து ஈசன் தவத்தைக் கலைக்கச் சென்று எரிகிறான், ரதி புலம்புகிறாள். ஏவியவர்களுக்கு ஒரு தீங்கும் இல்லை; ஏவல் செய்தவன் சாம்பலாகிறான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, அதன் கொடுமையை 2003 வரை தலைமுறைகளாகச் சுமந்த மக்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆசிரிய நண்பர்களே! ராஃபேலைக் கற்பியுங்கள், படிகாரத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள். அதே வகுப்பில் காமன்கூத்துக்கும் இடம் கொடுங்கள். கலையின் தகுதியைக் கூரையின் உயரம் தீர்மானிக்கும் காலம் ஒழியட்டும்!