இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு செம்புக் குழாய்!



நம் பகுதி இளைஞர்களிடம் ஒரு புதுப் பழக்கம் பரவி வருகிறது. சிகரெட் நாற்றம் வீட்டுக்குத் தெரிந்து விடும் என்று அதை ஒதுக்கியவர்கள், உக்கடம் பெரியகுளத்துக் கரையிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் நின்று மாம்பழ வாசனையோடு வெண்புகை விடுகிறார்கள். 'வேப்' என்றும் 'இ-சிகரெட்' என்றும் இதற்குப் பெயர். பிள்ளையின் சட்டைப் பையில் இருப்பது பேனா என்று எண்ணி நிம்மதியாக இருக்கும் பெற்றோரும் உண்டு.

இதில் மலிவானதும் உண்டு, பல ஆயிரம் விலை போவதும் உண்டு. விலை கூடியவற்றில் ஒரு வகைதான் 'மெக்கானிக்கல் மோட்'. வெளிநாட்டில் பெயர் பெற்ற தயாரிப்புகள் நூறு டாலர், இருநூறு டாலர் என்று விற்கின்றன. நம் பணத்தில் இருபதாயிரத்தை நெருங்கும் விலை. செல்போன் கடையிலோ துணிக்கடையிலோ வேலை பார்க்கும் ஓர் இளைஞனுக்கு அது ஒரு மாதச் சம்பளம்!

அந்தப் பணத்துக்கு அது பெறுமா? 'உடம்புக்குக் கெடுதல், விட்டு விடு' என்று மட்டும் சொன்னால் இளைஞர்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை. கணக்குப் போட்டுக் காட்டினால் கேட்பார்கள். எனவே கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

செம்பிலோ பித்தளையிலோ கடைந்த ஒரு குழாய். உள்ளே 18650 என்ற வகை லித்தியம் பேட்டரி. அடியில் ஒரு பட்டன். மேலே ஒரு கம்பிச் சுருளும் கொஞ்சம் பஞ்சும். பட்டனை அழுத்தினால் பேட்டரியின் மின்சாரம் நேராகச் சுருளுக்குப் போகும். சுருள் சூடேறும். பஞ்சில் ஊறியிருக்கும் நிகோடின் திரவம் ஆவியாகும். அவ்வளவுதான்!

சாதாரண வேப் கருவியில் சின்னதாக ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். ஷார்ட் ஆனால் அது மின்சாரத்தை நிறுத்தும். சார்ஜ் மிகவும் இறங்கினாலும் நிறுத்தும். பட்டனை விடாமல் அழுத்தினால் சில வினாடிகளில் அணைந்து விடும். மெக்கானிக்கல் மோடில் அந்த போர்டு கிடையாது. இல்லாததையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்! விலை குறைந்த கருவியில் இருக்கும் பாதுகாப்பு, விலை கூடிய கருவியில் இல்லை. இது என்ன வியாபாரம்?

லேத் பட்டறைகள் நிறைந்த ஊரில் வாழ்பவர்களுக்கு இந்தக் குழாயின் மதிப்பை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்பின் எடைக்கு ஒரு விலை, கடைசலுக்கு ஒரு கூலி, மரை போட ஒரு கூலி. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் பெயருக்கும் முத்திரைக்கும் கொடுக்கும் பணம்.

ஃபியூஸ் இல்லாத மோட்டார்

கோவை, பம்புக்கும் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் பெயர் போன ஊர். ஸ்டார்ட்டரும் ஃபியூஸும் இல்லாமல் ஒரு மோட்டாருக்கு நேரடியாக லைன் கொடுக்க எந்த எலக்ட்ரீஷியனாவது சம்மதிப்பாரா? அதையே வாய்க்கு அருகில் வைத்துச் செய்வதுதான் இந்தக் கருவி.

பள்ளியில் படித்த ஓம் விதியை நினைத்துப் பாருங்கள். முழுதாக சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரியின் அழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் மின்தடை 0.2 ஓம் என்றால் பாயும் மின்சாரம் 21 ஆம்பியர். 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர். பெரிய புகைக்கு ஆசைப்பட்டுச் சுருளின் தடையைக் குறைக்கக் குறைக்க மின்சாரம் ஏறிக் கொண்டே போகும். பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய பேட்டரிகளில் பல 10 ஆம்பியர் கூடத் தாங்காது. இந்தக் கணக்கு தெரியாதவன் கையில் இந்தக் குழாய் போனால் என்ன ஆகும்?

பேட்டரி சூடாகி வாயு கிளம்பும். குழாயில் அது வெளியேறப் போதிய துளை இல்லையென்றால், இரு முனையும் மூடிய அந்த உலோகக் குழாய் வெடிகுழாயாகி விடும். இது கற்பனை அல்ல. அமெரிக்காவின் புளோரிடாவில் 2018 மே மாதம் 38 வயதுக்காரர் ஒருவர் இத்தகைய மெக்கானிக்கல் மோட் வெடித்து, அதன் துண்டுகள் தலைக்குள் பாய்ந்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவர் வேப் கருவி வெடித்ததில் கழுத்துத் தமனி அறுபட்டு இறந்தார். 2009 முதல் 2016 வரை அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளியான இ-சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்ச்சிகள் 195 என்றும், அவற்றில் காயமடைந்தவர்கள் 133 பேர் என்றும் அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கெடுத்துச் சொன்னது. சட்டப்படி விற்கும் நாட்டிலேயே இந்த நிலை! எல்லாக் கருவியும் வெடிக்கும் என்று நாம் சொல்லவில்லை. வெடிக்காமல் தடுக்கும் ஏற்பாட்டை எடுத்து விட்டு அதற்குக் கூடுதல் விலை வாங்குகிறார்கள் என்றுதான் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இ-சிகரெட்டைத் தமிழக அரசு 2018-லேயே தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நிரந்தரச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் அனைத்தும் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம். எந்த வடிவில், எந்த அளவில் வைத்திருந்தாலும் சட்டத்துக்கு விரோதமே என்று 2023-ல் மத்திய சுகாதார அமைச்சகம் விளக்கம் தந்தது.

'துபாயில் கடையில் வைத்துப் பகிரங்கமாக விற்கிறார்களே' என்று கேட்கலாம். உண்மைதான். அமீரகம் 2019-ல் விற்பனையை அனுமதித்தது. அங்கே அது சட்டப்படியான பொருள். விமானம் கோவையில் இறங்கியதும் அதே பொருள் கடத்தல் பொருள்! நண்பனுக்குப் பரிசு என்று பெட்டியில் வைத்துக் கொண்டு வருபவர் இதை மறந்து விடக் கூடாது.

இங்கேதான் நம் சமுதாயம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. உக்கடத்தில் எத்தனை வீட்டு அடுப்பு வளைகுடாச் சம்பளத்தில் எரிகிறது? குற்ற வழக்கு ஒன்று நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். ஒரு குழாய்க்காக ஒருவன் தன் வெளிநாட்டுப் பயணத்தையும் தங்கையின் திருமணத்துக்குச் சேர்க்க வேண்டிய பணத்தையும் பணயம் வைக்கலாமா? கருவியின் விலை இருபதாயிரத்தோடு முடிவதில்லை சகோதரர்களே!

தடை செய்த பொருள் என்பதால் பில் கிடையாது, கியாரண்டி கிடையாது. அசலா போலியா என்று கேட்கவும் வழியில்லை. பேட்டரி உறையில் 30 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அதை நம்புவதற்கு விற்பவனின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஏமாந்தவன் எந்தக் காவல் நிலையத்தில் போய்ப் புகார் கொடுப்பான்?

'சிகரெட்டை விட உதவுகிறதே!'

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. சிகரெட் எரிவதால்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. வேப்பில் புகையிலை எரிவதில்லை. சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு இது அதைவிடக் கெடுதல் குறைந்தது என்று பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை சொல்கிறது. ஆனால் எந்தக் கருவியைப் பற்றிச் சொல்கிறது? நிகோடின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, திரவத் தொட்டி 2 மில்லிக்கு மேல் கூடாது என்றெல்லாம் விதி போட்டு, பதிவு செய்து விற்கும் பொருட்களைப் பற்றி! அதே பிரிட்டனும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை 2025 ஜூன் முதல் தடை செய்து விட்டது.

சிகரெட்டை விட நினைப்பவனுக்குத் தேவை அளவான நிகோடின். குளக்கரையை மறைக்கும் புகைமண்டலம் அல்ல. மெக்கானிக்கல் மோட் புகைப் போட்டிக்கும் கைவேலைப் பெருமைக்கும் உரிய பொருள். அதற்கு மருந்து வேடம் போட வேண்டாம்!

சிகரெட்டை நிஜமாகவே விட விரும்புபவருக்கு வழி இருக்கிறது. நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் சட்டப்படி கிடைக்கிறது. 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கச் செலவில்லை. நம் ஊர் அரசு மருத்துவமனை உக்கடத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே போய் மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே! திட்டுவதற்கு முன் விசாரியுங்கள். பையில் தனி பேட்டரி கிடந்தால் முதலில் அதைச் சாவிக்கொத்தோடும் சில்லறைக் காசோடும் சேராமல் எடுத்து வையுங்கள். உலோகம் பட்டாலே ஷார்ட் ஆகும்.

கடைக்காரச் சகோதரர்களே! செல்போன் கவரோடு சேர்த்து மறைவாக இதை விற்கச் சொல்லி யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். அந்த லாபம் ஓராண்டுச் சிறைக்கு ஈடாகாது.

இளைஞர்களே! வீண் விரயம் கூடாது என்பதை மேடைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். இங்கே அதற்குத் தெளிவான கணக்கே இருக்கிறது. பாதுகாப்பு இல்லாததற்குக் கூடுதல் விலை, பில் இல்லாததற்குக் கூடுதல் விலை, பிடிபட்டால் அபராதம் தனி. இருபதாயிரம் ரூபாய் இருந்தால் ஒரு தொழில் கற்றுக் கொள்ளலாம், ஓட்டுநர் உரிமம் எடுக்கலாம், வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம். புகையாகப் போனால் அதில் எதுவும் மிஞ்சாது.

சிந்தியுங்கள்!