தவிலை அமுக்கினா அது ஃப்யூஷனா?

போன மாசம் தென்காசியில ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில பெருசா 'ஃப்யூஷன்'னு எழுதியிருந்தாங்க. கீபோர்டு, ரிதம் பேட், சாக்ஸபோன், ஒரு ஓரமா தவில். ரெண்டு மணி நேரத்துல தவிலுக்குத் தனியா ஒரு நிமிஷம் கூடக் கிடைக்கல. அவர் கை கொஞ்சம் ஓங்கினாலே மிக்சர் பக்கத்துல இருந்த பையன் சத்தத்தைக் குறைச்சுடுவான். பேடுல ஏற்கனவே பதிஞ்சு வச்ச தாளம் ஓடுது, மனுஷன் அது பின்னாடியே ஓடணும். பார்க்க எரிச்சலா இருந்துச்சு.

நான் ஒண்ணும் கலக்கவே கூடாதுங்கிற கட்சி இல்லை. சாக்ஸபோனே கத்ரி கோபால்நாத் புண்ணியத்துல நம்ம கல்யாண மேடைக்கு வந்து சேர்ந்ததுதானே. ஜாஸையும் கர்நாடக சங்கீதத்தையும் எப்படிக் கலக்கணும்னு அஞ்சு பேர் 1975லயே காட்டிட்டாங்க. மெக்லாக்லின் கிடார், எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். குழுவுக்குப் பேரு 'சக்தி'. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுல ஒரு கல்லூரியில வாசிச்ச கச்சேரியை 1976ல ரெக்கார்டா போட்டாங்க. மொத்தமே மூணு உருப்படி. முதல் உருப்படி 'ஜாய்' மட்டும் 18 நிமிஷம். டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது.

ஜாஸ்ல ஒரு மெட்டை எல்லாருமா வாசிச்சுட்டு, ஆளுக்கொரு தரம் கற்பனையா வாசிச்சு, திரும்ப மெட்டுக்கு வருவாங்க. நம்ம மனோதர்மமும் தனி ஆவர்த்தனமும் அதுக்கு ரொம்ப தூரம் இல்லை. சிக்கல் எங்கேன்னா, அவங்களுக்குக் கார்டு மாறிக்கிட்டே இருக்கணும், நமக்கு சுருதி அசையக்கூடாது. கார்டு மேல கார்டா அடுக்கினா ராகம் நசுங்கிடும். மெக்லாக்லின் என்ன பண்ணினார்? டாக்டர் எஸ்.ராமநாதன் கிட்ட வீணை படிச்சார். கிடார்ல ஃப்ரெட்டுகளுக்கு நடுவுல மரத்தைக் குழிவா செதுக்க வச்சார், அப்பதான் கம்பியை அமுக்கி கமகம் கொண்டு வரலாம். குறுக்கால ஏழு சுருதிக் கம்பி வேற. அதுக்கு முன்னாடி மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரான்னு காது கிழியுற எலக்ட்ரிக் குழு வச்சிருந்தவர், கடம் கேக்கணும்னு தன் சத்தத்தைக் குறைச்சுக்கிட்டார். எனக்கு இதுதான் பெரிய விஷயமாப் படுது.

அந்தத் தவில்காரரை நாலு நாள் கழிச்சு குத்தாலத்துல பார்த்தேன். நல்ல சாரல், ஐந்தருவி ரோட்டுல ஒரு டீக்கடையில ஒதுங்கி நின்னார். மொபைல்ல 'ஜாய்' போட்டு இயர்போனை அவர் காதுல மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்துல விரல் தொடையில தாளம் எண்ண ஆரம்பிச்சுது. டீ ஆறிப்போச்சு.

"கடம் விநாயக்ராம்லா? அந்த வெள்ளக்காரரு நம்ம கணக்குக்குள்ளயே வந்து நிக்காரு, அண்ணாச்சி!"

அடுத்து ஒண்ணு சொன்னார். "ஆனா எல்லாரும் ஒரே ஓட்டமால்லா ஓடுதாவ. கொஞ்சம் நின்னு மூச்சு விட்டா என்ன?"

நியாயம்தான். சக்தியில வேகம் ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். நிதானம் வேணும்னா அதே ரெக்கார்டுல ரெண்டாவதா இருக்குற 'லோட்டஸ் ஃபீட்'டைக் கேக்கலாம். இல்லேன்னா 2008ல ருத்ரேஷ் மஹந்தப்பாவும் கத்ரியும் சேர்ந்து போட்ட 'கின்ஸ்மென்'. ரெண்டு சாக்ஸபோன், கன்யாகுமரி வயலின், பூவாளூர் ஸ்ரீஜி மிருதங்கம், இந்தப் பக்கம் ஜாஸ் கிடார், பேஸ், டிரம்ஸ். டிரம்ஸ் இருந்தும் மிருதங்கம் காணாமப் போகல.

"இதெல்லாம் ரிசப்ஷன்ல எவன் கேப்பான்"னு கேப்பீங்க. சக்தியே 1977க்குள்ள மூணு ரெக்கார்டு போட்டுட்டுக் கலைஞ்சது. அதே பேர்ல 2023ல வந்த 'திஸ் மொமென்ட்'டுக்குத்தான் 2024ல கிராமி கிடைச்சுது. பொறுமை வேணும். சோறு யார் போடுறதுன்னா என்கிட்ட பதில் இல்லை :-(

தவில்காரர் ஆவணி முகூர்த்தத்துக்கு அதே பேட் குரூப்போடதான் அட்வான்ஸ் வாங்கியிருக்காராம். "தனிக்கு அஞ்சு நிமிஷமாவது கேட்டு வாங்குங்க"ன்னேன். சிரிச்சுட்டு, பாட்டை வாட்ஸப்புல அனுப்பச் சொன்னார்.