பெயர் சொல்லி வீடு கேட்போம்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்’ என்றனர் நம் முன்னோர். வாடகைக்கு ஒரு வீட்டைத் தேடிப் பார் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பட்டம் பெற்றுச் சென்னைக்கும் கோவைக்கும் வேலைக்குச் செல்லும் நம் மாணவர்கள், அலுவலக நேர்முகத் தேர்வைவிட வீட்டுக்காரர் வாசலில் நடக்கும் நேர்முகத் தேர்வில்தான் மிகுதியும் தோற்றுத் திரும்புகின்றனர். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கக்கூடும். தங்க இடமில்லாதவன் இலக்கியம் படிப்பது எங்ஙனம் என்பதே அவர்களுக்கு நம் விடை.

2005ஆம் ஆண்டு, ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக நாம் சென்னையில் பயின்றுகொண்டிருந்தோம். ‘வீடு வாடகைக்கு’ என்னும் பலகை கண்டு ஒரு வீட்டில் விசாரித்தோம். வாடகை பேசினார்கள், தண்ணீர் வரும் நேரம் சொன்னார்கள், மாடியறையையும் திறந்து காட்டினார்கள். இறுதியாகப் பெயரைக் கேட்டார்கள். சொன்னோம். “இப்போதுதான் ஒருவர் முன்பணம் தந்து போனார், தம்பி” என்றார் பெரியவர். அதன் பின்னர் இரண்டு திங்கள் வரை அப்பலகை அங்கேயே தொங்கியது.

இவ்வாறு நான்கைந்து வாசல் ஏறி இறங்கிய பின், உடன் பயின்ற நண்பர் தம் பெயரில் வேறொரு வீட்டைப் பேசி முடித்தார். அவருடைய அறைத்தோழராக நாம் புகுந்தோம். வீட்டுக்காரருக்கு நம் பெயர் சொல்லப்படவில்லை. மூன்றாம் மாதம் அஞ்சல்காரர் வாயிலாக அது வெளிவந்தது. வீட்டுக்காரர் சினந்து பேசவில்லை. “முதலிலேயே சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். மறைத்தீர்களே!” என்று மட்டும் கூறினார். கொடுத்திருப்பாரா என்பதை நாம் இன்றளவும் அறியோம். ஆயின், அவர் வினாவுக்கு அன்று நம்மிடம் விடையில்லை. அவ்வீட்டைக் காலி செய்தோம்.

பெயரைச் சுருக்கிச் சொல், மழுப்பிச் சொல் என்று மாணவர்க்கு அறிவுரை கூறுவாருடன் நாம் உடன்படாமைக்கு இதுவே காரணம். முதற்பேச்சிலேயே பெயர், வேலை, தங்கவிருப்போர் எண்ணிக்கை, புலால் சமைக்கும் வழக்கம் ஆகிய அனைத்தையும் சொல்லிவிடுவதே நன்று. மறுப்பவர் அன்றே மறுத்துவிடுவார்; நமக்கு ஆட்டோக்கூலி மிச்சம். இசைபவர் மனமறிந்து இசைவார். (புலால் வினா நம்மவர்க்கு மட்டும் உரியதன்று, பிற சமயத்து நண்பர் பலரும் இதனால் அலைந்ததை நாம் அறிவோம்.)

சட்டம் துணை வாராதா எனலாம். அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சமயம் சாதி பற்றிய தடை கூடாது என்கிறது. தனியார் வாடகை வீடு அப்பட்டியலில் இல்லை. தமிழகத்தில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்திற்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமும் வீடு கிடைத்த பின்னரே நமக்கு உதவுகிறது. அவ்வுதவி சிறிதன்று. ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. ‘வேறு உடன்பாடு இல்லையெனில்’ என்ற சொற்களின் வழியேதான் சென்னையின் பத்து மாத முன்பண வழக்கம் இன்னும் உள்நுழைகிறது. எனவே, கையொப்பமிடுமுன் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். சங்கப் பாடலுக்குப் பதவுரை எழுதும் நம் மாணவர் ஒப்பந்தத்தைப் படியாமல் கையொப்பமிடுவதைக் காணுங்கால் வேதனை மிகுகிறது. வெள்ளையடிப்புக்கு எவ்வளவு பிடிப்பார்கள், மின்சாரத்திற்கு அலகு ஒன்றுக்கு என்ன விலை என்பவற்றை அப்போதே கேட்டு எழுதிக்கொள்க. குடிபுகும் நாளில் மின்மானியின் அளவைக் குறித்து வைக்க.

வீடு கேட்கப் போகுங்கால் பணி ஆணை, அடையாள அட்டை ஆகியவற்றின் படிகளும், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணும் கையில் இருத்தல் வேண்டும். நால்வராகச் சென்று வாசலில் நிற்றல் வேண்டா. ஒருவரோ இருவரோ போதும். பெற்றோரில் ஒருவர் உடன்வரின் பாதி ஐயம் தீர்ந்துவிடும். தாய் தந்தையர் வந்து நிற்பதற்கு நிகரான சான்றிதழை எந்த அலுவலகமும் தருவதில்லை.

இனி, சமுதாயப் பெரியவர்களிடம் ஒரு சொல். நம் தெருக்களிலும் வீடுகள் வாடகைக்கு உள்ளன. மணமாகாதவர்க்கு இல்லை, தனித்து வாழும் பெண்ணுக்கு இல்லை, வேற்றூரார்க்கு இல்லை என்ற மறுமொழிகள் நம் வாசல்களிலும் ஒலிக்கின்றன. அண்மையில் பணியேற்ற பேராசிரியை ஒருவர், பிற சமயத்தவர், கல்லூரிக்கு அருகில் வீடு தேடி ஒரு மாதம் அலைந்தார். அவர்க்கு மறுத்தவர்களுள் நமக்கு நன்கு அறிமுகமானவர்களும் உண்டு. நம் பிள்ளைக்குச் சென்னையில் கதவு அடைபடும்போது நாம் வருந்துவது இயல்பு. அவ்வருத்தத்தை வெளியில் சொல்லும் தகுதியை நம் வாசல்களில் இழந்துவிடலாகாது.

துறையளவில் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வெளியேறும் மாணவர்க்கு வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழோடு, வீட்டுக்காரர் படிக்கத் தக்க வகையில் எளிய தமிழில் ஓர் அறிமுக மடலும் ஆசிரியர் எழுதித் தரலாம். சென்ற ஆண்டு மாணவர் ஒருவர்க்கு அவ்வாறு எழுதிக் கொடுத்தோம். முதலிரண்டு வீடுகளில் மடலைப் பிரித்தே பார்க்கவில்லையாம். மூன்றாம் வீட்டு அம்மையார் அதனை வாங்கி, மூக்குக்கண்ணாடி அணிந்து, இருமுறை படித்துவிட்டு, “சாரிடம் பேச வேண்டும், எண் கொடு” என்றாராம். பேசினார். அம்மாணவர் இப்போது அங்கேதான் குடியிருக்கிறார்.