கனடாவில் உயர்கல்வி: கடன் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

வெளிநாடு சென்று படிக்க வேண்டும் என்ற ஆவல் நம் பங்குகளில் உள்ள இளையோர் பலரிடம் இன்று காணப்படுகிறது. இவர்களில் பலர் தேர்ந்துகொள்ளும் நாடு கனடா. அங்கே படிப்பு, அதன்பின் வேலை, அதன்பின் நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்பதே அவர்களது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை நம்பி வீட்டை அடகு வைக்கும் பெற்றோர், 2024ஆம் ஆண்டிலிருந்து அங்கு நிகழ்ந்துள்ள மாற்றங்களை அறிந்திருப்பது அவசியம்.

2023ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவில் கல்வி அனுமதி பெற்றிருந்த வெளிநாட்டு மாணவர்கள் பத்து இலட்சத்துக்கும் அதிகம். ஒன்டாரியோ மாநிலம் 2019இல் உள்ளூர் மாணவர் கட்டணத்தைப் பத்து விழுக்காடு குறைத்து, பிறகு உயர்த்தவும் தடை விதித்தது. அந்த இழப்பை ஈடுசெய்ய, கல்லூரிகள் பல மடங்கு கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவரை நாடின. தொலைதூர அரசுக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை டொரோண்டோ பகுதியில் தனியார் நிறுவனங்கள் நடத்தின. மாணவர் பெருகினர், வீட்டு வாடகை ஏறியது, மக்களிடையே அதிருப்தியும் வளர்ந்தது.

எனவே 2024 சனவரியில் கனடா அரசு புதிய கல்வி அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. மேற்சொன்ன தனியார் நிறுவனங்களில் 2024 மே 15 முதல் சேர்வோருக்கு, படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி கிடையாது. மாணவர் தம் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையும் பத்தாயிரம் டாலரிலிருந்து 20,635 ஆகி, 2025 செப்டம்பரில் 22,895 டாலராக உயர்ந்தது. இது 14 இலட்சம் ரூபாய்க்கும் மேல். கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதில் அடங்கா.

அப்படியானால் வாய்ப்பே இல்லையா? உண்டு. பல்கலைக்கழகங்களில் இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் பெறுவோர் எத்துறையில் படித்தாலும் பணி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். முதுகலை முடித்தவர், படிப்பு இரண்டு ஆண்டுக்குக் குறைந்ததாயினும், மூன்றாண்டு அனுமதி பெற இயலும். அரசு நிறுவனங்களில் முதுகலை, முனைவர் படிப்புக்குச் செல்வோர் 2026 சனவரி முதல் உச்சவரம்பில் சேர்க்கப்படுவதில்லை. கல்லூரிகளின் பட்டயப் படிப்புகளுக்கோ நிபந்தனை உண்டு. 2024 நவம்பர் முதல் விண்ணப்பித்தோர், நலவாழ்வு, வேளாண்மை, கைத்தொழில், அறிவியல் தொழில்நுட்பம் போன்ற, அரசு பட்டியலிட்டுள்ள துறைகளில் படித்திருக்க வேண்டும். வணிக மேலாண்மைப் பட்டயங்கள் பெரும்பாலும் அப்பட்டியலில் இல்லை.

ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் மூன்று கேள்விகளை எழுப்புவது நலம். முதலாவது, இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்புக்குப் பணி அனுமதி உண்டா? வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இந்த வாய்ப்பு இல்லை என்பதை மறக்கலாகாது. இரண்டாவது, அங்கே வேலை கிடைக்காவிட்டால் கடனை எப்படி அடைப்பது? வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 24 மணி நேரம் மட்டுமே வெளியே வேலை செய்யலாம். அந்த ஊதியத்தில் கட்டணம் செலுத்த முடியாது. மூன்றாவது, சேர்க்கைக் கடிதத்தைக் கல்லூரியிடமே கேட்டு உறுதிசெய்தோமா? முகவர் தந்த கடிதம் போலி என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்து, நாடுகடத்தப்படும் அச்சத்தில் இந்திய மாணவர் நூற்றுக்கணக்கானோர் தவித்ததை 2023இல் கண்டோம்.

முகவருக்குத் தரகு கிடைக்கிறது. கல்லூரிக்குக் கட்டணம் கிடைக்கிறது. கணக்குத் தவறினால் சுமப்பது அந்தக் குடும்பம் மட்டுமே. நம் பங்குகளில் ஏற்கெனவே கனடா சென்று படித்தவர்கள் இருப்பார்கள். பங்கின் இளையோர் குழு அவர்களோடு ஒரு ஞாயிறு மாலை கலந்துரையாட ஏற்பாடு செய்தாலே, பல வீடுகள் அடகுக்குப் போகாமல் காக்கப்படும். பிள்ளைகளின் கனவைத் தடுக்க வேண்டாம். அந்தக் கனவின் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து பார்ப்போம்.