மகளின் ஊதியம் யாருக்கு?

தன் மணாளனைத் தானே தேர்ந்த ஆண்டாளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டாடுகிறோம். அதை அடுத்த ராஜபாளையம், நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். தமிழக நூற்பாலைகள் பலவற்றில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ வேறு கதை சொல்கிறது: இளம்பெண்கள் விடுதியில் தங்கி மூன்றாண்டுகள் உழைத்தால், முடிவில் மொத்தத் தொகை. அது பெரும்பாலும் வரதட்சிணைக்கே போனது. சீனத்தில் மணமகன் வீட்டார் பரிசப்பணம் தருவது வழக்கம். இங்கோ, 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த வரதட்சிணையை மணப்பெண்ணே உழைத்து ஈட்ட வேண்டியிருக்கிறது.

தமிழக அரசு 2022இல் திருமண உதவித் திட்டமொன்றை, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப்பெண்’ திட்டமாக மாற்றியது. குடும்பங்களும் அவ்வழியே மாற வேண்டும் என்பேன். மகளின் ஊதியம் அவள் கணக்கிலேயே இருக்கட்டும். எப்போது, யாரை மணப்பது என்று அவளே முடிவெடுக்க அதுவே முதல் துணை.